காற்றை நம்பிப் போகிறவர்கள்

2018 செப்டம்பர் 21. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தள்ளி, சரக்குக் கப்பல்கள்கூட அதிகம் எட்டிப் பார்க்காத தென் இந்தியப் பெருங்கடலில், ‘துரியா’ என்ற சிறிய பாய்மரப் படகு புயலில் மாட்டிக்கொண்டது. படகில் இருந்தது ஒரே ஆள், உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. காற்று மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. அலைகள் 14 மீட்டர் எழும்பின. படகு அப்படியே புரண்டு, மறுபடி நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது அவர் பாய்மரத்தின் மேலே தொங்கிக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தின் பட்டை மரத்தில் சிக்கியிருந்தது. அடுத்த சில நொடிகளில் பட்டை அறுந்தது. கீழே பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையின் மேல் முதுகு அடிபட விழுந்தார்.

பிறகு படகு மறுபடி புரண்டு, பாய்மரம் முறிந்தது. அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்து உள்ளே போய்ப் படுக்கையில் கிடந்தபடி, செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவியில் விஷயத்தைத் தட்டினார்: படகு புரண்டுவிட்டது, மரம் முறிந்துவிட்டது, முதுகில் பலத்த அடி, எழ முடியவில்லை.

அந்தச் சில சொற்கள் போய்ச் சேர்ந்ததும் பல நாடுகள் ஒரே நேரத்தில் அசைந்தன. ஆஸ்திரேலியாவின் கடல் மீட்பு மையம் பொறுப்பெடுத்துக்கொண்டது. நம் அரக்கோணத்தின் ராஜாளி தளத்தில் கடற்படை வைத்திருக்கும் பி-8ஐ வகை விமானம் ஒன்று மொரிஷியஸிலிருந்து பறந்துபோய், மரம் முறிந்து அலையில் உருண்டுகொண்டிருந்த படகைக் கண்டது. பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பலான ‘ஒசிரிஸ்’ அந்தத் திசைக்குத் திரும்பியது. இவர்களோடு இன்னொருவரும் கிளம்பினார். அதே பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த அயர்லாந்துக்காரர் கிரெகோர் மக்குகின். அதே புயலில் அவருடைய பாய்மரமும் முறிந்துபோயிருந்தது. மிஞ்சிய கட்டைகளை நிறுத்தி, அதில் துண்டுப் பாயைக் கட்டி, அந்த நொண்டிப் படகோடு அபிலாஷ் இருக்கும் பக்கம் நகரத் தொடங்கினார் அவர். செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் வந்து அபிலாஷை ரப்பர் படகில் ஏற்றிக்கொண்டது. மக்குகினையும் மீட்டு, இருவரையும் ஆம்ஸ்டர்டாம் என்ற குட்டித் தீவில் சேர்த்தது.

தன் படகே உடைந்துகிடக்கும்போது அடுத்தவனைத் தேடிப் போன மக்குகினின் முடிவு, பாய்மரக் கடலோட்டத்தைப் பற்றி நான் படித்ததிலேயே என்னை அதிகம் அசைத்தது. சாகசம், சாதனை, பதக்கம் என்றே இந்த விளையாட்டைப் பேசுகிறோம். நிலத்திலிருந்து ஆயிரம் மைல் தள்ளி இருப்பவருக்கு முதல் உதவி இன்னொரு படகிலிருந்துதான் வரும் என்பதைக் கடலோடிகள் ஒருநாளும் மறப்பதில்லை. அவர்களுடைய வாழ்க்கையின் ஒவ்வொரு பழக்கத்திலும் அந்த அறிவு இருக்கிறது.

அபிலாஷ் ஓடிய பந்தயத்தின் பெயர் கோல்டன் குளோப். பிரான்ஸின் லெ சாப்லே தொலோன் துறைமுகத்திலிருந்து தனி ஆளாகப் புறப்பட வேண்டும். எங்கும் கரைக்குப் போகாமல், யாரிடமும் எதுவும் வாங்காமல், நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை மூன்றையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஜிபிஎஸ் கிடையாது, ஆபத்துக்கென்று முத்திரையிட்ட பெட்டியில் மட்டும் ஒன்று இருக்கும். அதைப் பிரித்தால் பந்தயத்தின் முதல் வரிசையிலிருந்து விலக வேண்டியதுதான். 1968-இல் ஒரு மாலுமியிடம் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்: காகித வரைபடம், கடிகாரம், சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட். பாட்டு கேட்க வேண்டுமென்றால் கேசட்.

ஏன் 1968? அந்த ஆண்டில்தான் லண்டனின் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை முதல் பந்தயத்தை அறிவித்தது. அதுவரை யாரும் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றியதில்லை. ஒன்பது பேர் கிளம்பினார்கள். பயணத்தை முடித்தவர் ஒருவர்தான், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவர் போன ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கு மரத்தில் இழைத்த படகு. நீளம் 32 அடி, இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான். அபிலாஷின் துரியாவும் அதே அச்சில் கோவாவில் கட்டியது.

நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பயணத்தில் ஒரு சம்பவத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். புறப்பட்டுச் சில வாரங்களிலேயே அட்லாண்டிக்கில் படகின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நீர்மட்டத்துக்குக் கீழே, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் இடைவெளி. நடுக்கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இடுக்கில் பஞ்சுத் திரியை அடைத்து, மேலே தகடு வைத்து அறைய வேண்டும். தன் வெள்ளைத் தோல் சுறாவின் கண்ணில் படாமலிருக்கக் கறுப்புச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு இறங்கினார். நடுவில் காப்பி குடிக்க ஏறியவர் கீழே பார்த்தால், சுறா ஒன்று படகைச் சுற்றிக்கொண்டிருந்தது. போகும் போகும் என்று காத்திருந்தார். போகவில்லை. துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். செத்த சுறாவின் ரத்தத்துக்கு வேறு சுறாக்கள் வருகின்றனவா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி தண்ணீரில் குதித்து வேலையை முடித்தார். பிறகு நல்ல தண்ணீர்த் தொட்டி கெட்டது, மழைநீரைப் பாயில் பிடித்துக் குடித்தார். வானொலி செத்தது, பல மாதம் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே ஊருக்குத் தெரியவில்லை. தானியங்கிச் சுக்கான் உடைந்தது, பாய்களைச் சமன்படுத்தியே படகை நேராகப் போக வைத்தார். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மவுத் துறைமுகத்துக்குள் நுழைந்தார்.

கூடப் போனவர்களில் பெர்னார்ட் முவாதெஸியே, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது பந்தயமே வேண்டாம் என்று முடிவெடுத்தார். கவண் வைத்து ஒரு கப்பலின் தளத்தில் கடிதத்தை எறிந்துவிட்டு, இரண்டாம் முறையாக நன்னம்பிக்கை முனையைத் தாண்டித் தாஹித்தி தீவுக்குப் போய்விட்டார். மின்னணுப் பொறியாளரான டொனால்ட் குரோஹர்ஸ்டின் கதை வேறு. அவர் தொழிலில் கடன்பட்டு, தயாராகாத படகில், அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான அக்டோபர் 31 அன்று கிளம்பினார். படகு ஒழுகியது. தென் பெருங்கடலுக்குள் போனால் சாவுதான் என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பி வந்தால் வீடு போய்விடும். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வேகமாகப் போவதாக வானொலியில் பொய்க் கணக்குச் சொன்னார். அவர் பின்னால் நெருங்கி வருவதாக நம்பி, இன்னொரு போட்டியாளரான நைஜல் டெட்லி தன் படகை விரட்டினார். அது உடைந்து மூழ்கியது, டெட்லி பிழைத்தார். இப்போது அதிவேகப் பயணத்துக்கான 5,000 பவுண்ட் பரிசு குரோஹர்ஸ்டுக்கே வந்துவிடும் நிலை. வந்தால் அவருடைய பயணக் குறிப்பேட்டை நிபுணர்கள் வரி வரியாகப் பார்ப்பார்கள். 1969 ஜூலையில் ஆளில்லாமல் மிதந்த அவருடைய படகு கிடைத்தது. குறிப்பேடுகள் மேசைமேல் இருந்தன. அவர் இல்லை.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்கு வந்த 5,000 பவுண்டை குரோஹர்ஸ்டின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். பொய் சொன்ன போட்டியாளரின் குடும்பத்துக்கு அவர் கொடுத்த அந்தப் பணத்தை, அவருடைய 312 நாளைவிட உயர்வாக நான் மதிக்கிறேன்.

தனியாகப் போகிறவர் தூங்குவது எப்படி என்பதுதான் கரையில் இருப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. படகின் பின்புறத்தில் நிற்கும் ஒரு சிறிய பலகை காற்றின் திசையை உணர்ந்து, நீருக்குள் இருக்கும் துடுப்பின் வழியே சுக்கானைத் திருப்பிக்கொண்டே இருக்கும். மின்சாரம் வேண்டாம். காற்று திரும்பினால் படகும் திரும்பும். அதை நம்பி மாலுமி படுக்கிறார். கப்பல் போகும் தடமாக இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அடிவானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். தொடுவானத்தில் தெரிந்த கப்பல் படகை எட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். ஆளற்ற தென் கடலில் கொஞ்சம் அதிகம் தூங்கலாம். ஆனால் காற்றின் ஒலி மாறினால், கயிற்றின் விம்மல் மாறினால், உடம்பு தானாக எழுந்துவிடும்.

அடுத்தது உப்பு. கடல் நீரில் நனைந்த துணி காய்வதே இல்லை; அதில் படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உட்காரும் இடம், மணிக்கட்டு, கழுத்து எல்லாம் உரசி உரசிப் புண்ணாகும். மழை பெய்தால் கொண்டாட்டம், பாயின் அடியில் வாளியைக் கட்டி நல்ல தண்ணீர் பிடிக்கலாம், தலை குளிக்கலாம். சமையலடுப்பு ஊஞ்சல்போல் ஆடும் சட்டத்தில் தொங்கும், படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்பதற்காக. முன்னொரு காலத்தில் மாலுமிகளைப் புயலைவிட அதிகமாகக் கொன்றது பச்சைக் காய்கனி இல்லாத சாப்பாடுதான். ஈறு வீங்கி, பழைய காயங்கள் மறுபடி பிளந்து, கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1747-இல் ‘சாலிஸ்பரி’ என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 12 நோயாளிகளைப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் சில நாளிலேயே தேறினார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது 1795-க்குப் பிறகுதான். கண்ணெதிரே மருந்து இருந்தும் அத்தனை ஆண்டு மாலுமிகளைச் சாக விட்டதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

எங்கே இருக்கிறோம் என்று அறிவது இன்னொரு தினசரி வேலை. உச்சிவேளையில் செக்ஸ்டன்டால் சூரியனைத் தொடுவானத்துக்கு இறக்கி, கோணத்தைப் படித்தால் எவ்வளவு தெற்கே இருக்கிறோம் என்று தெரியும். கிழக்கு மேற்கு தெரிய நேரம் வேண்டும். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. கடிகாரம் நான்கு நொடி தப்பினால், நிலநடுக்கோட்டுக்கு அருகே நம் கணக்கு ஒரு கடல் மைல் தப்பும். ஆடும் தளத்தில் நின்று, ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, மேகம் விலகும் அரை நிமிடத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். தென் கடலில் நாள்கணக்கில் சூரியனே தெரியாது. அப்போது வேகம், திசை, நேரம் மூன்றையும் வைத்துக் கணக்கிட்டுப் போட்ட ஊகப் புள்ளிதான் துணை.

அந்தத் தென் கடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெற்கு அட்சரேகை 40 டிகிரியைத் தாண்டினால் மேற்குக் காற்றைத் தடுக்க நிலமே ஏறக்குறைய இல்லை. பூமியைச் சுற்றிச் சுற்றி அடிக்கும் காற்று, தடையில்லாமல் ஓடும் அலையை மலையாக்குகிறது. ஹார்ன் முனையில் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் சுமார் 800 கிலோமீட்டர் இடுக்கில் அத்தனை நீரும் புகுந்தாக வேண்டும். முனைக்குப் பக்கத்தில் கடலின் ஆழமும் குறைகிறது. ஆழம் குறையக் குறைய அலை செங்குத்தாக எழும். பாய்மரக்காரர்கள் ஹார்ன் முனையைக் கடலின் எவரெஸ்ட் என்பதில் மிகையில்லை.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் இந்த வழியாகத்தான் போனார்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கடற்படையின் 56 அடிப் பாய்மரப் படகான ‘தாரிணி’யில், இரண்டே பேர். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் கரை தொட்டு, காற்றை மட்டும் நம்பி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். இருவர் மட்டுமே ஓட்டி உலகைச் சுற்றிய முதல் இந்தியர்கள் இவர்கள்தான். வழியில் 2025 ஜனவரி 30 அன்று பசிபிக்கின் நீமோ புள்ளியைக் கடந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் நிலம் குறைந்தது 2,688 கிலோமீட்டர் தள்ளித்தான். விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்குமேல் போகும் நேரங்களில், அங்கே கடலில் இருப்பவர்களுக்கு மிக அருகில் உள்ள மற்ற மனிதர்கள் விண்வெளி வீரர்களாகத்தான் இருப்பார்கள். இரண்டு பேர் ஓட்டும்போது ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழித்திருப்பார். அதாவது எட்டு மாதம் ஒரே படகில் இருந்தும் பாதி நேரம் இருவரும் தனித்தனி. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடக்கும் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ரூபாவின் பெயர் தெரியும்? பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர் அது.

அபிலாஷுக்கு என்ன ஆயிற்று? முதுகுத்தண்டில் டைட்டானியம் கம்பிகள் வைத்து, ஐந்து முள்ளெலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். நடக்கக் கற்றுக்கொள்வதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். 2022 செப்டம்பரில், அதே பந்தயத்தின் தொடக்கக் கோட்டில், ‘பயனாத்’ என்ற படகில் மறுபடி நின்றார். பதினாறு பேர் கிளம்பினார்கள்.

நவம்பர் 18 அன்று தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே, பின்லாந்தின் டாபியோ லெஹ்டினென் தூக்கத்திலிருந்து எழுந்தபோது படகின் பின்புறம் தண்ணீரில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் படகு மூழ்கியது. உயிர்காப்பு உடையோடு ரப்பர் தெப்பத்தில் ஏறி, அபாயக் கருவியை இயக்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் என்றால் அவரவர் படகில் தனியாக இருந்த இருவர்: தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷாஃபர் நூறு கடல் மைல் சொச்சம் தூரத்தில், அபிலாஷ் அதைவிடத் தள்ளி. இருவரும் படகைத் திருப்பினார்கள். கிர்ஸ்டன் இரவெல்லாம் தூங்காமல் சுக்கானைப் பிடித்து ஓட்டினார். விடிந்து அந்த இடத்துக்குப் போனால் தெப்பம் தெரியவில்லை. இரண்டு மூன்று மீட்டர் அலைகளுக்கு நடுவே, நீர்மட்டத்தில் கிடக்கும் ஒரு தெப்பத்தைச் சில நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து கண்ணால் பிடிப்பது அவ்வளவு கடினம். கரையிலிருந்தவர்கள் இரண்டு பேரின் இடத்தையும் மாற்றி மாற்றிச் சொல்ல, கிர்ஸ்டன் தேடிப் பிடித்து, கயிறு வீசி லெஹ்டினெனை ஏற்றினார். இருவரும் ஒரு டம்ளர் ரம் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ‘தர்யா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பல் வந்தது. அதன் பக்கவாட்டு ஏணியில் லெஹ்டினெனை ஏற்றிவிட்டு கிர்ஸ்டன் பந்தயத்துக்குத் திரும்பினார்.

2023 ஏப்ரல் 27 அன்று அவர்தான் முதலாவதாக வந்தார். உலகைச் சுற்றும் இப்படியொரு பந்தயத்தில் வென்ற முதல் பெண். காற்றில்லாமல் முடிவுக் கோட்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றவருக்கு, தான்தான் முதல் என்பதே வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, 236 நாள் கடலில் இருந்துவிட்டு அபிலாஷ் இரண்டாவதாக வந்தார். காற்றுச் சுக்கான் உடைந்து உடைந்து, படகுக்குள் இருந்த பலகைகளை அறுத்து அதற்குத் துடுப்பு செய்துகொண்டே வந்திருந்தார். முழுப் பயணத்தையும் முடித்தவர்கள் மிகச் சிலர்தான்.

இவர்களைப் பற்றி எழுதும்போது என் மனம் குமரி மாவட்டத்துக்குப் போகாமல் இருப்பதில்லை. தூத்தூர் வட்டார மீனவர்கள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். கடல் வாழ்க்கை என்றால் அதுதான். கூட்டு அடுக்களை, அளந்து குடிக்கும் தண்ணீர், முறை வைத்துத் தூக்கம், எல்லாம் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது அவர்களில் பலர் ஏற்கெனவே கடலுக்குள் வெகுதூரம் போயிருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. எட்ட வைக்கும் கருவி படகில் இல்லை. தேடப் போனவர்களில் அவர்களுடைய ஊர்க்காரர்களே இருந்தார்கள், தங்கள் படகுகளில், தங்கள் டீசலில். பலர் உடலாகக்கூடத் திரும்பவில்லை. அதற்குப் பத்தே மாதம் கழித்து, அதைவிட வெகுதூரக் கடலில் கிடந்த ஒரு தனி மனிதரின் குறுஞ்செய்தி மூன்று நாளில் மீட்புக் கப்பலை அவரிடம் கொண்டுவந்தது. அபிலாஷின் உயிர் காப்பாற்றப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி. அதே கருவி நம் படகில் இருந்திருந்தால் என்ற நினைப்பு நெஞ்சை அறுக்கிறது.

இரு பக்கமும் செய்தி பேசக்கூடிய, இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கரையோர மாநிலங்களில் வேலை நடக்கிறது. ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்கு முதலில் கொடுக்க வேண்டும். பழுதானால் அந்தந்த மீன்பிடித் துறைமுகத்திலேயே சரிசெய்ய ஆள் இருக்க வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் மலையாளத்திலும் திரையில் வர வேண்டும். அபாயப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் இரவு இரண்டு மணிக்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.